இலவசக் குடையும் பறக்கும் தட்டும்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் நசரத்பேட்டையில் ஈ.வி.பி. பிலிம் சிட்டி வரும். தீம் பார்க்காக இருந்த இடம் இன்று படப்பிடிப்பு வளாகம். அரண்மனையோ நீதிமன்றமோ, கேட்டதை ப்ளைவுட்டில் எழுப்பிக் கொடுக்கும் கைகள் நம் சினிமாவில் ஏராளம். இருந்தும், வேற்றுக்கிரகத்தார் பூமியைப் பிடித்து ஆள, மனிதர்கள் எதிர்த்து நிற்கும் கதையைத் தமிழ் சினிமா இன்னும் சொல்லிக் காட்டவில்லை. வேற்றுக்கிரகவாசிகள் நம் திரைக்கு வராமல் இல்லை. 1963இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’யில், தங்கள் உலகத்துக்கு இசை சொல்லிக்கொடுக்க இங்கிருந்து ஒரு பெண்ணைத் தூக்கிப் போனார்கள். 2024 பொங்கலுக்கு வந்த ‘அயலா’னில், பூமியைத் துளைத்துப் பணம் பார்க்க நினைக்கும் மனிதனைத் தடுக்க ஒருவர் வந்தார். ஒருவர் திருட வந்தார், ஒருவர் காப்பாற்ற வந்தார். ஆள வந்தவர் ஒருவருமில்லை.

பணமில்லை என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். கோடிகளைக் கொட்டி ‘2.0’ படம் எடுத்த திரையுலகம் அப்படிச் சொன்னால் யார் நம்புவது? ஆக்கிரமிப்பு என்றதும் நமக்குச் சண்டைக் காட்சி மட்டுமே தோன்றுகிறது என்பதுதான் என் கணிப்பு. வானத்தில் தட்டு, கீழே எரியும் நகரம், கடைசியில் தனி ஒருவன். அது படையெடுப்பு. ஆக்கிரமிப்பு அதற்கு மறுநாள் காலையில், அலுவலகம் திறக்கும் நேரத்தில் தொடங்குகிறது. ரூபர்ட் வயட் இயக்கி 2019இல் வந்த ‘கேப்டிவ் ஸ்டேட்’ என்ற அமெரிக்கப் படம் இதைப் புரிந்துகொண்ட படம். சிகாகோ நகரில் ஆட்சி நடத்துபவர்கள் வேற்றுக்கிரகத்தார். ஆனால் திரையில் அவர்களைப் பார்ப்பதே அபூர்வம். வேவு பார்ப்பதும் வீடு புகுந்து பிடிப்பதும் மனிதப் போலீஸ்தான். ஒவ்வொருவர் உடம்பிலும் கண்காணிப்புக் கருவி பதிக்கப்பட்டிருக்கிறது. அதனால் எதிர்ப்பாளர்கள் புறாக்காலில் சேதி கட்டுகிறார்கள், செய்தித்தாளில் வரி விளம்பரம் கொடுத்து ஒருவரையொருவர் அழைத்துக்கொள்கிறார்கள்.

படையெடுப்புக்கும் ஆக்கிரமிப்புக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தமிழ் சினிமா எப்போதோ தொட்டுவிட்டது. பி.ஆர். பந்துலு, சிவாஜி கணேசனை வைத்து 1959இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ எடுத்தார். 1961இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ எடுத்தார். முன்னதில் கோட்டை, வாள், தூக்குக்கயிறு. பின்னதில் வரும் வ.உ.சிதம்பரனாரின் போராட்டமோ ஒரு வியாபாரக் கணக்கு. 1906இல் அவர் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனி பீரங்கி கொண்டுவரவில்லை. கொழும்புக்குப் போகும் பயணிகளுக்குக் கட்டணத்தைக் குறைத்தது. அதுவும் போதாமல் காசே வாங்காமல் ஏற்றிக்கொண்டது. கூடவே ஒரு குடையும் இலவசமாகக் கொடுத்தது. இதைவிடக் கூர்மையான ஆக்கிரமிப்புக் காட்சியை எந்த விஞ்ஞானக் கதைக்காரரும் கற்பனை செய்துவிட முடியாது. குடையை வாங்கிக்கொண்டவர்கள் துரோகிகள் அல்லர். கூலிக்குப் போகிறவனுக்கு அது மிச்சம். 1908இல் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். பிறகு கம்பெனி கலைந்து, கப்பல் போட்டிக்காரன் கைக்கே போய்ச் சேர்ந்தது.

‘கேப்டிவ் ஸ்டேட்’ வசூலில் தோற்றதே என்று கேட்கலாம். உண்மைதான். ‘கப்பலோட்டிய தமிழ’னும் வெளியானபோது ஓடவில்லை; கட்டபொம்மன் கொண்டாடப்பட்டார். சண்டையைப் பார்க்கக் கூட்டம் வரும், கணக்கு வழக்கைப் பார்க்க வராது என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆனால் வ.உ.சி. படத்தின் பெயர் அறுபது ஆண்டு கடந்தும் மக்கள் வாயில் நிற்கிறது. முதல் வாரக் கூட்டம் மட்டும் அளவுகோல் ஆகாது.

சரித்திரப் படமே போதுமே, வேற்றுக்கிரகம் எதற்கு என்ற கேள்வி இதைவிடக் கனமானது. சரித்திரப் படத்தில் யார் பக்கம் நிற்பது என்பது டிக்கெட் வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. தியேட்டரில் இருக்கும் அத்தனை பேரும் வ.உ.சி.யின் ஆட்கள்; குடை வாங்கியவன் ஒருவனும் கிடையாது. ஆள வந்தவனுக்கு நமக்குத் தெரிந்த நிறமும் கொடியும் இல்லாதபோதுதான், அவன் தரும் சம்பளத்தையும் சலுகையையும் நாமே கையெழுத்துப் போட்டு வாங்குவதை நம்மால் பார்க்க முடியும். எச்.ஜி. வெல்ஸ் 1898இல் தன் செவ்வாய்ப் படையெடுப்பு நாவலில் செய்தது இதைத்தான். செவ்வாய்க்காரர்களைத் திட்டுமுன் டாஸ்மேனியப் பழங்குடிகளுக்கு நாம் செய்ததை நினைத்துப் பாருங்கள் என்று கதையின் தொடக்கத்திலேயே தன் ஆங்கில வாசகர்களிடம் சொன்னார்.

கண்காணிப்புக் கதை நம்மவர்க்குப் பிடிக்காது என்றும் யாரும் சொல்ல வேண்டாம். 2017 முதல் தமிழ் பிக் பாஸ் நிகழ்ச்சி அதே நசரத்பேட்டை வளாகத்தில்தான் நடக்கிறது. இரவு பகல் கேமரா முன் வாழ ஆட்கள் விரும்பிப் போகிறார்கள், நாமும் விரும்பிப் பார்க்கிறோம். ஆகவே திரைக்கதை எழுதும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் ஷெட்யூலுக்குப் பறக்கும் தட்டு கேட்காதீர்கள். ஒரு தாலுகா அலுவலகம் செட் போடச் சொல்லுங்கள். நாற்காலியில் நம்ம ஊர் குமாஸ்தா உட்காரட்டும்.