கை பிசையும் சிறுமியர்

ஒஸ்திரிய நாட்டின் வியன்னா நகரிலே, 1954ஆம் ஆண்டில், அந்திரேயாஸ் ரெற் என்னும் குழந்தை வைத்தியர், நோயாளர் காத்திருக்கும் அறையில் இரு சிறுமியரைக் கண்டார். வெவ்வேறு தாயரின் மடியில் இருந்த இருவரும், கை கழுவுவார்போல ஓயாது கைகளைப் பிசைந்துகொண்டிருந்தனர். அவர் 1966இல் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரையைப் பிறநாட்டார் அதிகம் கவனிக்கவில்லை. சுவீடன் நாட்டு வைத்தியர் ஹக்பெர்க்கும் அவர் கூட்டாளரும் 1983இல் 35 சிறுமியரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பின்னரே 'ரெற் நோய்' உலகறிந்ததாயிற்று.

இந்நோயுடைய குழந்தை முதற் சில மாதங்கள் ஏனைய குழந்தைகளைப் போலவே வளரும். பின்னர், கற்ற சொல்லும் கைத்திறனும் சிறிது சிறிதாக நீங்கும். ஏறத்தாழ 10,000 பெண் குழந்தைகளில் ஒருவரை இது பற்றுகின்றது.

பரம்பரை அலகின் கோளாற்றைத் தேடுவோர் குடும்ப வழியைப் பின்பற்றிச் செல்வது வழக்கம். இங்கோ அவ்வழி அடைபட்டிருந்தது. இச்சிறுமியர் வளர்ந்து தாயராவது மிக அரிது. உடன்பிறந்தார்க்கு இந்நோய் வருவதும் அரிது. ஆதலின், இது பரம்பரை அலகால் வருவதன்று என ஐயுற்றோர் பலர். பெய்ரூத்தில் பிறந்து அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரில் பணிபுரிந்த வைத்தியர் ஹூடா சோக்பி அவ்வாறு கருதவில்லை. நோயுற்றோர் பெரும்பாலும் பெண்களாயிருந்தமை எக்ஸ் நிறமூர்த்தத்தைச் சுட்டியது. ஒருவருக்கு மேற்பட்டோர் நோயுற்ற மிகச் சில குடும்பங்களின் துணைகொண்டு, தேட வேண்டிய எல்லை குறுக்கப்பட்டது. அவ்வெல்லையுள் அடங்கிய அலகுகள் ஒவ்வொன்றாய் ஆராயப்பட்டன. 1999இல் விடை கிடைத்தது: பழுதுற்றது 'மெக்பி 2' என்னும் அலகு. நரம்புக் கலங்களில் வேறு பல அலகுகளின் தொழிலை ஒழுங்குபடுத்தும் புரதத்தை ஆக்குவது அதுவே.

அலகிலே பழுதெனின் அது பெற்றோர் வழி வந்த குறையே என நேயர்கள் கருதலாம். அஃது அவ்வாறன்று. நூற்றுக்கு தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளில் இப்பழுது புதிதாகவே தோன்றுகின்றது. பெரும்பாலும் தந்தையின் விந்தணு உருவாகும்போது நேர்வது. தாய் உண்டதோ உழைத்ததோ இதற்குக் காரணமன்று. தம்மையே நொந்துகொண்ட பெற்றோர்க்கு இவ்வுண்மை பெரும் ஆறுதலாகும்.

பின்னர், 2007இல், ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில் ஏட்ரியன் பேர்ட் குழுவினர், நோயுற்ற சுண்டெலிகளில் அந்த அலகை மீண்டும் இயங்கச் செய்தனர். அவை பெரிதும் தேறின. நரம்புக் கலங்கள் மடிந்துவிடவில்லை என்பது இதனாற் புலனாயிற்று. நோயின் அறிகுறிகளை ஓரளவு தணிக்கும் முதல் மருந்துக்கு அமெரிக்கா 2023இல் அனுமதி வழங்கியது. முற்றாகத் தீர்க்கும் மருந்து அதுவன்று. எனினும், எங்கே பழுதென்று அறிந்தமையாலேயே திருத்த முயலவும் இயலுகின்றது.