நம்ம கடலுக்கு கேஸ் கப்பல் வருமா?

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் மணமேல்குடி, புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை. வலை பிரிச்சுக்கிட்டே சித்தப்பா கேட்டார்: "எண்ணூர்ல கப்பல்ல கேஸ் வந்து இறங்குதாமே. நாளைக்கு நம்ம ஊருக்கும் வருமாடா? இல்ல, அதான் சட்டம் போட்டுட்டாங்களே?"

அப்போ எனக்குப் பதில் தெரியல. அதுக்கப்புறம் தேடிப் படிச்சதைத்தான் இன்னிக்குச் சொல்லப்போறேன்.

எண்ணூர் காமராஜர் துறைமுகத்துல இருக்குற எல்என்ஜி டெர்மினல், 2019 மார்ச்சுல நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளலாம். இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரி வரைக்கும் குளிரவச்சா திரவமாயிடும். அளவு 600-ல ஒரு பங்கா சுருங்கிடும். அதனாலதான் கப்பல்ல ஏத்தி அனுப்ப முடியுது.

இறக்குறதுதான் பெரிய வேலை. கடல் பக்கம் அலையைத் தடுக்குற சுவர், ஆழமான கால்வாய், கப்பல் திரும்ப இடம், ஜெட்டி, கப்பலோட அசைவுக்கு வளைஞ்சு கொடுக்குற இறக்குங்குழாய் எல்லாம் வேணும். கரையில, எண்ணூர்ல மட்டும், 1,80,000 கன மீட்டர் கொள்ளுற தொட்டி ரெண்டு. அப்புறம் திரவத்தைச் சூடாக்கித் திரும்ப வாயுவாக்குற பகுதி. கடைசியா பைப்லைன்.

இந்தக் கடைசி ரொம்ப முக்கியம். கொச்சி டெர்மினல் 2013-லயே தயார். மங்களூருக்குப் போற குழாய் 2021 ஜனவரியிலதான் திறந்தாங்க. அதுவரைக்கும் அதோட திறன்ல பெரும்பகுதி சும்மா கிடந்துச்சு.

இப்போ சித்தப்பா சொன்ன சட்டம். 2017-ல நம்ம மாவட்டத்து நெடுவாசல்ல ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் உட்கார்ந்தாங்க. 2020-ல பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்துச்சு. அந்தப் பட்டியல்ல மணமேல்குடி ஒன்றியமும் இருக்கு. எண்ணெய், எரிவாயுக்காகப் புதுசா துளை போடக் கூடாது. ஆனா அதே சட்டம், துறைமுகம், பைப்லைன், சாலை மாதிரி கட்டமைப்புத் திட்டங்களைத் தடுக்கல. அதாவது, பூமியிலிருந்து கேஸ் எடுக்கத்தான் தடை. கடல்வழியா கொண்டுவர இல்ல.

அப்போ எது தடுக்குது? நம்ம கடலோட ஆழம். பெரிய எல்என்ஜி கப்பலோட அடிப்பாகம் 11, 12 மீட்டர் தண்ணிக்குள்ள இருக்கும். பாக் விரிகுடாவோட சராசரி ஆழமே அதைவிடக் குறைவு. மணமேல்குடியில இடுப்பளவுத் தண்ணியிலயே ரொம்ப தூரம் நடந்து போலாம். சேதுசமுத்திரத் திட்டத்துக்கு 2005-ல தோண்ட ஆரம்பிச்சதும் 12 மீட்டர் ஆழத்துக்காகத்தான். அது பாதியிலயே நின்னுபோச்சு.

இந்தக் கடல் ஆழமில்லாததாலதான் சூரிய வெளிச்சம் அடிவரைக்கும் இறங்குது, கடற்புல் வளருது, அதை மேய ஆவுளியா வருது. நண்டும் இறாலும் அங்கதான் வளருது. நம்ம ஆளுங்க பிழைப்பே அதுலதான்.

சித்தப்பாவுக்கு நேத்து போன் பண்ணிச் சொன்னேன். "அப்போ சட்டத்தை நம்பி தூங்க முடியாதுன்னு சொல்ற"ன்னார். ஆமா சித்தப்பா. துறைமுகம், பைப்லைன்னு எங்கயாவது பேச்சு வந்தா, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போன்னு விசாரிங்க. போய் முன்வரிசையில உட்காருங்க. எத்தனை மீட்டர் தோண்டுவீங்க, தோண்டின மண்ணை எங்க கொட்டுவீங்க, இந்த ரெண்டையும் முதல்ல கேளுங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.