நான்கு குலங்களும் கால் பங்கு இரத்தமும்



நவாஹோ மக்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் ஒரே ஒரு விதியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஒருவர் நவாஹோ என்பது சட்டப்படி எப்படி முடிவாகிறது?

அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் பரந்து கிடக்கிறது நவாஹோ தேசம். அவர்கள் தங்களைத் தினே என்கிறார்கள். இரண்டு தினேக்கள் முதன்முறை சந்தித்தால் பெயரோடு நான்கு குலங்களைச் சொல்லிக்கொள்வார்கள். தாயின் குலம், தந்தையின் குலம், தாய்வழித் தாத்தாவின் குலம், தந்தைவழித் தாத்தாவின் குலம். குலம் பொருந்திவிட்டால் முன்பின் தெரியாதவரும் அங்கேயே அக்காவாகவோ தாத்தாவாகவோ ஆகிவிடுவார். பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். தாயின் குலத்திலோ தந்தையின் குலத்திலோ மணமுடிக்கக் கூடாது. இது முழுக்கப் புறமணச் சமூகம். (குலம் என்றதும் நம் ஊரை நினைக்க வேண்டாம். அங்கே மேல்குலம், கீழ்குலம் கிடையாது.)

அந்தக் குலங்களின் பெயர்களைப் பாருங்கள். மெக்சிகோ மக்கள் குலம், சூனி மக்கள் குலம், யூட் மக்கள் குலம். எல்லாம் வெளியிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். தஞ்சம் தேடி வந்தவர்கள் உண்டு, போரில் சிறைபிடிக்கப்பட்டவர்களும் உண்டு. அதை அழகுபடுத்த வேண்டியதில்லை. ஆனாலும் வந்தவர்களுக்கு ஒரு குலம் பிறந்தது, அவர்கள் தினே ஆனார்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1950களில் நவாஹோ பேரவை வகுத்த விதிப்படி, பட்டியலில் சேரக் குறைந்தது கால் பங்கு நவாஹோ இரத்தம் வேண்டும். வேறு பழங்குடியில் உறுப்பினராக இருக்கக் கூடாது. பிறப்பாலன்றி, தத்தெடுப்பாலோ வேறு வழியாலோ நவாஹோ ஆகும் வழக்கம் என்றைக்குமே இருந்ததில்லை என்று சட்டத் தொகுப்பு சாதிக்கிறது. சூனி குலத்துப் பாட்டி ஒருத்தி இதைக் கேட்டால் என்ன சொல்வாள்?

இந்த விதிக்கு அடிப்படை, அமெரிக்க அரசின் இந்தியர் விவகார அலுவலகம் பராமரித்த பட்டியல். கணக்கு இப்படி ஓடும். ஒரு தினே பெண் வெளியாரை மணந்தால் மகளுக்கு அரைப் பங்கு. அவளும் அப்படியே மணந்தால் பேத்திக்குக் கால் பங்கு. அடுத்து வரும் கொள்ளுப்பேத்திக்கு அரைக்கால். தாய்வழியில் அவளுடைய குலம் அறுபடவே இல்லை, மொழியும் தெரிந்திருக்கலாம். ஆனால் பட்டியலில் அவளுக்கு இடமில்லை.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், புறமணத்தின் மேல் அகமணம் ஏற்றப்பட்டதே சாதியின் பிறப்பு என்று அம்பேத்கர் காட்டினார். நவாஹோக்களிடம் சாதி உருவாகிறது என்று நான் சொல்லவில்லை. படிநிலை இல்லாத இடத்தில் அந்தச் சொல்லை ஒட்டுவது சோம்பேறித்தனம். ஆனால் உள்ளேயே மணந்தவரின் வாரிசுக்கு இடம் தந்து, வெளியே மணந்தவரின் வாரிசை வெளியே தள்ளும் இந்தக் கணக்கு எந்தத் திசையில் இழுக்கிறது என்று நமக்குத் தெரியும்.

அப்படியானால் ஏன் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள்? 1864இல் சொந்த மண்ணிலிருந்து நடத்தியே விரட்டப்பட்டு, 1868 ஒப்பந்தத்தால் திரும்பிய மக்கள் அவர்கள். நிலம், நீர், ஒப்பந்த உரிமை எல்லாம் உறுப்பினர் என்ற அந்த ஒரு சொல்லில் தொங்குகின்றன. 2021இல் கொரோனா நிவாரணத் தொகை உறுப்பினர்களுக்கு என்றதும், சுமார் 3,06,000 ஆக இருந்த பட்டியல் ஏறக்குறைய 4,00,000 ஆனது. அத்தனை பேரும் புதிதாகப் பிறந்தவர்களா என்ன?

வெளியிலிருந்து யாராவது இதைத் திருத்தட்டும் என்று நினைக்கும் தோழர்களுக்கு ஒரு வழக்கு. சான்டா கிளாரா ப்யூப்ளோ என்னும் வேறொரு பழங்குடியைச் சேர்ந்த ஜூலியா மார்ட்டினெஸ் ஒரு நவாஹோவை மணந்தார். ஆண் வெளியே மணந்தால் பிள்ளைகள் உறுப்பினர், பெண் மணந்தால் இல்லை என்பது அப்போது அங்கே விதியாக இருந்தது. அதை எதிர்த்து அவர் வழக்குத் தொடுத்தார். இதில் தலையிட முடியாது என்று 1978இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் பழங்குடிக் குழந்தைகளைப் பிடுங்கி உறைவிடப் பள்ளிகளில் அடைத்த அரசின் நீதிமன்றமா யார் பழங்குடி என்று தீர்ப்பளிக்க வேண்டும்? மார்ட்டினெஸுக்கு நியாயம் அவருடைய மக்களிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். நவாஹோ விதியிலும் என் நிலைப்பாடு இதுவே. முடிவு அவர்களுடையது. ஆனால் அளவுகோல் குலமாக இருக்கட்டும் என்று வாதிடும் தினேக்களின் பக்கம் நான் நிற்பேன்.

2004இல் கால் பங்கை அரைக்காலாகக் குறைக்கும் யோசனை பேரவைக்கு வந்தது, தோற்றது. வென்றிருந்தாலும் அதே கணக்குதான். ஒரு தலைமுறை தள்ளிப் போயிருக்கும்.