நெஞ்சினுள் ஒரு கம்பி



தாளம் தப்பும் இதயத்தை மின்னதிர்வால் மீட்பது ஐ.சி.டி. என்னும் கருவி. தோலடியிலுள்ள அப்பெட்டியை இதயத்தோடு இணைப்பது 'லீட்' எனப்படும் மெல்லிய கம்பி. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் துடிப்பு. ஒவ்வொன்றிலும் கம்பி அசைகிறது.

மெட்ட்ரானிக் நிறுவனத்தின் ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ் கம்பி உள்ளே முறிவதறிந்து, 2007 அக்டோபரில் விற்பனை நிறுத்தப்பட்டது. ஃபிடெலிஸ் என்பதற்கு இலத்தீனில் நம்பிக்கைக்குரியது என்று பொருள், பெயர் பலிக்கவில்லை. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 2,68,000 கம்பிகள் பொருத்தப்பட்டிருந்தன. 2011 இறுதியில் செயின்ட் ஜூட் நிறுவனத்தின் ரியாட்டாவும் அவ்வரிசையில் சேர்ந்தது. அதன் சிலிக்கோன் உறை உள்ளிருந்தே தேய்ந்தது.

கடையிலிருப்பதைத் திரும்பப் பெறலாம், நெஞ்சிலிருப்பதை? ஆண்டுகள் செல்லக் கம்பி இரத்தநாளத்தோடு ஒட்டிக்கொள்ளும். அகற்றுதலே உயிருக்கு இடராகலாம். ஆதலின் பலருக்கும் மருத்துவர் விதித்தது நீண்ட கண்காணிப்பே. மின்தடை திடீரென ஏறுகிறதா, பொய்க்குறிகள் தோன்றுகின்றனவா என ஆண்டுக்கணக்கில் நோக்குவர். முறிந்த கம்பி, நலமாய் நடப்பவர்க்கு அதிர்வைப் பாய்ச்சும், வேண்டுங்கால் வாளாவிருக்கும்.

நம் நாட்டில் கருவிக் குறைகளைப் பதிவு செய்யும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் 2015 ஜூலையில்தான் தொடங்கிற்று. தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ இக்கருவியோடு வாழும் பெரியவரிடம் கம்பியின் பெயரும் எண்ணும் எழுதிய அட்டையைக் கேட்டால், "பீரோவில் எங்கோ இருக்கும்" என்பார். வீடும் மருத்துவமனையும் மாறியபின் அறிவிப்பு யாரைத் தேடி வரும்? அவ்வட்டையை இன்றிரவே தேடி எடுத்து, பிள்ளைகளிடம் ஒரு படி கொடுத்து வையுங்கள்.