உழவர் வீட்டுப் பிள்ளையும் பொறியியல் கல்வியும்

(காளையார்கோவிலில் ஊராட்சி அன்பர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நாம் கூடும்போதெல்லாம் கண்மாயைப் பற்றியும் சாலையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியுமே பேசி வருகிறோம். இன்று அவற்றை அமைக்கும் கல்வியைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம்.

கலுங்கை ஒரு சாண் உயர்த்தினால் கண்மாயில் எவ்வளவு நீர் கூடும், அந்த நீரைக் கரை தாங்குமா, வரத்துக்காலை எங்கே அகலப்படுத்தினால் வெள்ளம் உடைப்பின்றி வந்து சேரும் என்பவற்றையெல்லாம் அளந்து கணக்கிட்டுச் சொல்வதே பொறியியல். நம் முன்னோர் இதனைப் பட்டறிவால் அறிந்திருந்தனர். இன்று அது கல்லூரியில் நான்கு ஆண்டுப் படிப்பாக இருக்கிறது. நம் ஒன்றியத்தில் நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளவை. அவற்றைப் பழுது பார்க்க மதிப்பீடு தயாரிப்பவர் பொறியாளர். அந்த இடத்தில் கண்மாயின் குணமறிந்த நம் ஊர்ப் பிள்ளையே அமர்ந்தால் எவ்வளவு நன்மை என்பதை எண்ணிப் பாருங்கள்.

இக்கல்விக்கு நாம் சென்னையை நோக்கி ஓட வேண்டுவதில்லை. கோட்டையூரில் 1909இல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் தம் செல்வத்தைக் கல்விக்கே ஈந்தார். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1948இல் நேரு பெருமகனார் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். வள்ளலின் பெயரால் 1952இல் தோன்றிய பொறியியல் கல்லூரி இன்று அரசுக் கல்லூரியாக விளங்குகிறது. ஆராய்ச்சி நிலையத்திலும் வேதி மின்வேதிப் பொறியியலில் பட்டப்படிப்பு நடைபெறுகிறது. வானம் பார்த்த பூமியில் இத்தகைய வாய்ப்பு அமைந்தது நம் பெரும்பேறு. அதனைப் பயன்படுத்திக் கொள்ளாவிடில் குறை நம்முடையதேயாகும்.

இனி, படித்தவர் என்ன வேலைக்குச் செல்லலாம் என்று பார்ப்போம். கட்டடப் பொறியியல் கற்றவர் நீர்வளத் துறை, நெடுஞ்சாலைத் துறை, ஊரக வளர்ச்சித் துறை ஆகியவற்றில் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வெழுதிச் சேரலாம். மின்னியல் கற்றவருக்கு மின்சாரத் துறையும் சூரிய ஒளி மின் நிலையங்களும் உண்டு. இயந்திரவியல் கற்றவருக்குத் தொழிற்சாலைகளும், உழவு இயந்திரங்களைக் கையாளும் வேளாண்மைப் பொறியியல் துறையும் உண்டு. கணிப்பொறியியல் கற்றோர் உலகெங்கும் சென்று பணியாற்றுவதை நாம் அறிவோம். ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டம் ஒன்றே வேலை தராது. பாடத்தை விளங்கிக் கொள்ளாமல், கையால் செய்து பழகாமல், தேர்வை மட்டும் கடந்தவர் வேலையின்றி வருந்துவதும் கண்கூடு.

ஆதலால் பெற்றோர் கருத்தில் கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, நிலத்தை விற்றோ அடமானம் வைத்தோ நன்கொடை கொடுத்து இடம் வாங்க முற்படாதீர்கள். 2007 முதல் நம் மாநிலத்தில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 எனக் கணக்கிட்டு 200க்குப் பெறும் மதிப்பெண்ணே தரவரிசைக்கு அடிப்படை. கலந்தாய்வில் இடம் பெற்ற பின்னும் பணம் தேவையாயின், வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை பெற்றோரின் கூட்டுப் பொறுப்பே போதும். நிலப் பத்திரம் வேண்டுவதில்லை.

இரண்டாவது, அரசுப் பள்ளியை இடையில் விட்டுவிடாதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கி 2021இல் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றும் அவ்வாண்டிலேயே அறிவிக்கப்பட்டது. கடைசி இரண்டு ஆண்டுகள் தனியார் பள்ளியில் படித்தால் மதிப்பெண் கூடும் என்று எண்ணிக் கடன்பட்டுப் பிள்ளையை மாற்றுவோர் இவ்வுரிமையை இழக்கின்றனர். கையிலிருந்த பணமும் போய், வரவிருந்த சலுகையும் போகிறது.

மூன்றாவது, பத்தாம் வகுப்போடு பல்தொழில்நுட்பப் பயிலகத்தில் சேர்ந்து மூன்றாண்டுப் பட்டயம் பெறுவதும் நல்வழியே. பட்டயம் பெற்றவர் வேலைக்கும் போகலாம். பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகவும் சேரலாம்.

பெண் பிள்ளைக்கு இப்படிப்பு எதற்கு என்று கேட்போர் இன்னும் உளர். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் லலிதா என்னும் பெண்மணி மின்னியல் பயின்று 1943இல் படிப்பை முடித்தார். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர் அவர். பின்னர் பக்ரா நங்கல் திட்டத்தின் மின்பணியிலும் அவர் பங்கு கொண்டார். அக்காலத்தில் அவரால் இயன்றது, இக்காலத்தில் நம் பெண்களால் இயலாதா? களையெடுக்கப் பள்ளியை நிறுத்தும் வழக்கத்தை முதலில் நிறுத்துவோம்.

இதில் ஊருக்கும் ஒரு கடமை உண்டு. ஆண்டுதோறும் மே 1ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவும் கலந்தாய்வுப் பதிவும் அதனையொட்டியே வருகின்றன. ஊரில் அறிவியல் பிரிவில் தேர்வெழுதிய பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை அச்சபையில் கணக்கெடுங்கள். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் அவர்களிடம் உள்ளனவா என்று கேளுங்கள். பதிவின் கடைசி நாளைப் பள்ளிச் சுவரிலும் சாவடியிலும் எழுதி வையுங்கள். மதிப்பெண் இருந்தும் நாள் தவறியதால் ஒரு பிள்ளை ஓராண்டை இழக்கக் கூடாது.

மழை வருமுன் மடையைச் சீர் செய்பவனே நல்ல உழவன். பிள்ளையின் கல்விக்கும் அதுவே வழி. எட்டாம் வகுப்பிலேயே கணக்கில் அக்கறை காட்டுங்கள். மற்றவை தாமே தொடரும். நம் கண்மாய்களைக் காக்கும் பொறியாளர் நம் வீடுகளிலிருந்தே எழுக.