நூலாசிரியரைக் கேட்க வேண்டிய கேள்வி
(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதின் சாரம்)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக் கொண்டிருக்கும் விஷயம் "நூலாசிரியர்களோடு சம்பாஷணை" என்பதாகும். சரித்திரம், இலக்கியம் முதலியவைகளை எழுதுகிறவர்களை மேடைக்கு அழைத்து, ஒருவர் கேட்க அவர் பதில் சொல்ல, அதைப் பத்திரிகையில் போடுவதும், புத்தகமாக அச்சடிப்பதும், படம் பிடித்துக் கைபேசியில் அனுப்புவதும் இப்போது எங்கும் அதிகப்பட்டு வருகிறது. நல்லதுதான். ஆனால் அங்கு கேட்கப்படுகிற கேள்விகள் எப்படிப்பட்டவை? தங்களுக்கு எழுதும் ஆசை எப்போது உண்டாயிற்று, காலையில் எழுதுவீர்களா இரவில் எழுதுவீர்களா, அடுத்த புத்தகம் எப்போது என்பவைதானே! இது சம்பந்தி வீட்டாரைக் குசலம் விசாரிப்பதே அல்லாமல் விசாரணை ஆகுமா?

சரித்திரம் எழுதினவர் ஒருவர் நம் எதிரில் உட்கார்ந்தால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். "ஐயா, இது உமக்கு எப்படித் தெரியும்?" என்பதே அது. யார் சொன்னார், எப்போது சொன்னார், சொன்னவருக்கு அதனால் என்ன லாபம் என்பனவெல்லாம் அதற்குள் அடக்கம். புராணக்காரரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய நாம் சரித்திரக்காரரிடம் மாத்திரம் ஏன் வாய் மூடி இருக்க வேண்டும்?

ஒரு உதாரணம் சொல்லுகிறோம். கஜினி முகம்மதுவை அறியாதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். பரீட்சையில் தவறிய பையனைத் தேற்றுவதற்கு, "கஜினி முகம்மது 17 தடவை தோற்று 18-வது தடவை ஜெயித்தான்" என்று வாத்தியார் முதல் மாமன் வரை சொல்லுவார்கள். 17 என்று கணக்கிட்ட சரித்திரக்காரர்கள் எண்ணியது படையெடுப்புகளையே ஒழிய தோல்விகளை அல்ல. அவற்றில் பெரும்பாலானவற்றில் அவன் கொள்ளைப் பொருளோடுதான் திரும்பினான். ஆனால் நமது ஊரில் கொள்ளைக்காரன் விடாமுயற்சிக்கு உதாரண புருஷன் ஆகிவிட்டான்! யாராவது ஒருவர் "எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்று கேட்டிருந்தால் இது இத்தனை தலைமுறை ஓடியிருக்குமா?

அந்த மஹ்மூது 1026-ஆம் வருஷத்தில் குஜராத் கடற்கரையிலுள்ள சோமநாதர் கோவிலை இடித்துக் கொள்ளையடித்தான். இது உண்மை. இந்த ஒரு சம்பவத்தை எடுத்துக் கொண்டு, அதைப் பற்றி யார் யார் என்னென்ன சொல்லியிருக்கிறார்கள் என்று வரிசையாக வைத்துப் பார்த்தவர் ரொமிலா தாப்பர் என்ற அம்மையார். அவரது "சோமநாதா" என்ற இங்கிலீஷ் புத்தகம் 2004-ல் வெளிவந்தது. மனிதனைப் பற்றிய படிப்புகளுக்காக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் கொடுக்கும் க்ளூகே பரிசை 2008-ல் பீட்டர் பிரௌன் என்பவரோடு பகிர்ந்து கொண்டவர். ராமின் ஜஹான்பெக்லூ, நீலாத்ரி பட்டாச்சார்யா என்ற இருவர் கேட்க இவர் பதில் சொன்ன சம்பாஷணை 2017-ல் ஒரு புத்தகமாகவே வந்திருக்கிறது. நாம் சொல்லுகிற மாதிரிச் சம்பாஷணை அது.

சாட்சிகளைக் கவனியுங்கள். மஹ்மூதின் சபைப் புலவர் ஒருவர், அங்கிருந்தது அரேபியாவிலிருந்து ஒளித்துக் கொண்டுவரப்பட்ட மனாத் என்னும் பெண் தெய்வம் என்கிறார். அதே காலத்து அல்பெரூனி, அது லிங்கம் என்கிறார். பிற்காலத்தார் ஒருவர், விக்கிரகம் காந்தத்தினால் அந்தரத்தில் தொங்கிற்று என்கிறார். இன்னும் பின்னால் வந்தவர்கள் அதன் வயிறு நிறைய இரத்தினம் இருந்தது என்கிறார்கள். காலம் செல்லச் செல்லச் சாட்சிக்கு ஞாபகம் அதிகமாவதை எந்தக் கோர்ட்டிலாவது கண்டதுண்டா? எஜமானனுக்குக் கீர்த்தி உண்டாக்கச் சம்பளம் வாங்கினவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்.

நம் பக்கத்துச் சாட்சியோ இன்னும் வேடிக்கை. மஹ்மூதின் காலத்திலேயே இருந்த தனபாலர் என்ற ஜைனப் புலவர், சோமநாதத்தை இடித்தவனால் சத்யபுரத்திலிருந்த மகாவீரர் சிலையை மட்டும் அசைக்க முடியவில்லை என்று சந்தோஷப்படுகிறார். அதாவது உங்கள் சாமி போயிற்று, எங்கள் சாமி நின்றது என்பது கருத்து. 1169-ஆம் வருஷத்துச் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று, பழுதடைந்து கிடந்த கோவிலைக் குமாரபாலன் என்ற அரசன் புதுப்பித்தான் என்கிறது. அதில் மஹ்மூது பேச்சே இல்லை.

இனி 1264-ஆம் வருஷத்துக் கல்வெட்டு. ஹோர்முஸ் துறைமுகத்திலிருந்து வந்த நூருதீன் பிரோஸ் என்ற கப்பல்கார முஸ்லிம் வியாபாரி, அதே சோமநாதத்தில் மசூதி கட்ட நிலம் வாங்குகிறார். அதன் செலவுக்கு ஒரு எண்ணெய்ச் செக்கும் இரண்டு கடைகளும் எழுதி வைக்கப்படுகின்றன. ஊர்ப் பெரிய மனிதர்களும், கோவிலைச் சேர்ந்த பாசுபத ஆசாரியரும் இதற்குச் சம்மதிக்கிறார்கள். சமஸ்கிருதம், அரபு இரண்டிலும் எழுதியிருக்கிறது. சமஸ்கிருதக் கல்லில் ஹிஜிரி 662, விக்கிரமம் 1320, வலபி 945, சிம்மம் 151 என்று நான்கு கணக்கிலும் வருஷம் போட்டிருக்கிறது. கோவில் இடிக்கப்பட்டு 238 வருஷம் கழித்து, அதே ஊரில், வியாபார லாபத்தை முன்னிட்டு இப்படி நடந்திருக்கிறது.

நிற்க. 1842-ஆம் வருஷத்தின் துவக்கத்தில் காபூலிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அநேகமாய் நாசமாயிற்று. போன மானத்தை எப்படி மீட்பது? கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ பிரபு கஜினியிலே மஹ்மூதின் சமாதியிலிருந்த கதவுகளைப் பெயர்த்து வரச் சொன்னார். அவை சோமநாதர் கோவிலின் சந்தனக் கதவுகள் என்றும், அவை மீண்டதால் 800 வருஷத்து அவமானம் தீர்ந்தது என்றும் இந்திய ராஜாக்களுக்கும் ஜனங்களுக்கும் ஒரு விளம்பரம் விட்டார். அந்தக் கதவுகளை ஊர்வலமாய்க் கொண்டு வந்தார்கள். பிறகு பார்த்தால் மரம் சந்தனம் அல்ல, தேவதாரு! வேலைப்பாடும் குஜராத்து வேலை அல்ல, கஜினிப் பக்கத்து வேலை! சோமநாதம் போக வேண்டிய கதவுகள் ஆக்ரா கோட்டையோடு நின்றுவிட்டன. அங்கேதான் கிடக்கின்றன. 1843 மார்ச்சில் பார்லிமெண்டில் இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்து, மெக்காலே கிழிகிழி என்று கிழித்தார். சோமநாதத்தினால் இந்துக்களின் நெஞ்சில் 800 வருஷமாய் ஆறாத புண் என்னும் பேச்சு, இந்த விவாதத்திற்கு முன் தெளிவாகக் காணப்படவில்லை என்பது தாப்பர் அம்மையார் முடிவு. பின்னாளில் கே. எம். முன்ஷி அதே பேச்சை "ஜய சோமநாத்" என்று நாவலாக்கினார். கதை எழுதினவரே முன்னின்று முயன்ற புதுக் கோவிலுக்கு 1951-ல் பிரதிஷ்டையும் நடந்தது. நேரு வேண்டாமென்றும், ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் போய்க் கலந்து கொண்டார்.

தோழர்களே! இந்த அம்மையார் சொல்லிவிட்டார் என்பதற்காக இதையும் வேதவாக்காக எடுத்துக் கொள்ளச் சொல்லுகிறோமா? இல்லவே இல்லை. கல்லில் வெட்டவில்லை என்பதாலேயே ஜனங்களுக்கு நோவு இல்லை என்று ஆகிவிடுமா? கல்லில் வெட்டினவர்கள் அரசனும், பூசாரியும், பணக்கார வியாபாரியும்தானே? இடிபாட்டில் கல் சுமந்தவனுடைய அபிப்பிராயத்தை யார் வெட்டி வைத்தார்கள்? இது நியாயமான கேள்வி. இந்த முடிவை மறுக்கிற படிப்பாளிகளும் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கும்படி சாட்சிகளை எல்லாம் மேஜைமேல் பரப்பி வைத்திருக்கிறாரே, அதுதான் யோக்கியமான ஆசிரியருக்கு அடையாளம். "நீ எந்தக் கட்சி?" என்று அவரைக் கேட்கிறவனுக்குக் கல்வெட்டைப் பற்றிக் கவலையே இல்லை.

இப்பேர்ப்பட்ட படிப்பினால் என்ன பிரயோஜனம், பிள்ளைகளை இஞ்சினீயர் ஆக்கினால் போதாதா என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். ஆக்குங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் "800 வருஷத்து அவமானம்" என்று ஒரு செய்தி உங்கள் கைபேசிக்கு வரும்போது அந்த இஞ்சினீயர் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும்? கதவின் மரம் சந்தனமா தேவதாருவா என்று மோந்து பார்க்கத் தெரியுமா, அல்லது பத்துப் பேருக்கு அனுப்பத்தான் தெரியுமா? சர்க்காருக்கு இந்தப் படிப்பின் பலம் நன்றாய்த் தெரியும். இல்லாவிட்டால் 2001-ல் தாப்பர் அம்மையார் முதலியவர்களுடைய பாடப் புத்தகங்களில் சில பகுதிகளை ஏன் நீக்கச் சொன்னார்கள்? 2023-ல் 12-ஆம் வகுப்புச் சரித்திரத்திலிருந்து மொகலாய தர்பார்களைப் பற்றிய பாடத்தை ஏன் எடுத்தார்கள்? பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்கிறோம் என்றார்கள். ஒரு பாடத்தின் கனம் எத்தனை பலம் இருக்கும்?

நேரமாகிவிட்டபடியால் நிறுத்திக் கொள்ளுகிறோம். நாம் சொன்ன வருஷங்களையும் பெயர்களையும் எழுதிக் கொண்ட தோழர்கள் நாலைந்து பேர் முன் வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் எழுந்து, இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம்.