வீடு திருத்தும் மின்கருவிகள்: பெயரும் பயனும்



ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு என்று சொந்த மண்ணுக்குத் திரும்பியிருக்கிறீர்கள். வீடு திருத்த மூன்று மின்கருவிகளை அறிந்திருங்கள்.

‘ட்றில்’ துளை போடும். மரத்துக்கும் இரும்புக்கும் சாதாரண ட்றில் போதும். கல்லுச் சுவருக்கு அடித்துத் துளைக்கும் ‘ஹமர் ட்றில்’ வேண்டும்.

‘வட்டவாள்’ பலகை, பனஞ்சிலாகை அறுக்கும். பழைய மரத்தில் ஆணி இருந்தால் முதலில் கழற்றுங்கள்.

‘கிறைண்டர்’ இரும்பை வெட்டும், தேய்க்கும். அதில் மரம் அறுக்கும் பல்லுத் தட்டைப் பூட்டவேண்டாம். கையை மீறித் துள்ளும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். தட்டு மாற்றமுன் பிளக்கைக் கழற்றுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது: வளவில் கண்டெடுத்த இரும்பை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். அது வெடிக்காத எறிகணையாக இருக்கலாம். தொடாமல், பிள்ளைகளையும் விலக்கி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.